மாவு பொங்க ஒரு தனி மேகம்

செம்மேட்டில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் ஒருமுறை தட்டிப் பார்ப்பது வழக்கம். கையால் அல்ல, கணினியில். பக்கத்து வீட்டம்மாளின் நிழலை ஓடவிட்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டால் என்ன சொல்வாள், முகம் எந்தப் பக்கம் கோணும் என்று பார்த்துவிட்டு, சரிப்பட்டு வரும் என்று தெரிந்தால்தான் செருப்பை மாட்டுவார்கள். சரிப்படாது என்றால் அன்றைக்கு அந்த வீட்டில் கறிவேப்பிலை இல்லாத ரசம்.

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். செவ்வாய்க் கோளில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே, குழாயில் வரும் காற்றை மூச்சு விடுகிற ஊர் அது. தவறான வால்வைத் தவறான நேரத்தில் திறந்தால் ஒரு தெருவே காலி. அதனால் ஊரைக் கட்டிய மதுரைப் பக்கத்து ஆட்கள், ஒத்திகை பார்க்காமல் எதையும் செய்யக் கூடாது என்பதை முதல் சட்டமாக வைத்தார்கள். குழாய்க்கும் வால்வுக்கும் வந்த சட்டம் மெல்லச் சமையலறைக்குள் நுழைந்தது. பிறகு சொந்தபந்தத்துக்குள் புகுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

நிழல் என்றால் மனிதரின் கணினிப் பிரதி. ஒவ்வொருவர் கழுத்திலும் கடுகளவு பொறி ஒன்று உண்டு. பேச்சு, கோபம், பிடிவாதம் எல்லாவற்றையும் அது சேர்த்து வைக்கும். அதிலிருந்து நிழலை வார்ப்பார்கள். பொங்கலுக்குப் பொங்கல் சொந்தக்காரர்கள் தங்கள் நிழலின் புதுப் பிரதியை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது மரியாதை. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட அதை மட்டும் நிறுத்துவதில்லை.

அந்த நிழல்களை ஊரின் பொது மேகத்தில், அதாவது ஊருக்கே பொதுவான கணினித் தொகுப்பில், ஓட்டலாம். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நீங்கள் ஓட்டிய மறுகணமே, “இன்னார் உங்களை ஒத்திகை பார்த்தார்” என்று நிழலின் சொந்தக்காரர் காதில் அறிவிப்பு விழும். கறிவேப்பிலை விஷயம் என்றால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். கல்யாண விஷயம் என்றால் அதுவே ஒரு தகராறு.

பேச்சியம்மாளுக்கு வந்தது கல்யாண விஷயம்.

அவள் ஊரின் காற்றோட்டப் பிரிவில் தலைமைப் பொறியாளர். இடுப்பில் எப்போதும் வால்வுச் சாவி தொங்கும். எந்தத் தெருவில் யார் கொட்டாவி விட்டால் எந்தக் குழாயில் அழுத்தம் மாறும் என்பது அவளுக்கு அத்துப்படி. தன்னால் முடியாத காரியம் என்று எதையும் அவள் நினைத்ததில்லை, ஒன்றைத் தவிர. அவளுடைய அண்ணன் சடையாண்டி தன் வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். மகள் பூமிகாவின் கல்யாணத்திலாவது அது நடக்க வேண்டும்.

பழைய கதை இதுதான். பூமிகாவுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவது முறை என்பதால் எல்லோரும் சடையாண்டிக்காகக் காத்திருந்தார்கள். அவன் இருப்பது கருங்குன்று என்ற அடுத்த ஊர். வழியில் புழுதிப் புயல். செம்மேட்டு மண்டபத்துக்குக் காற்று விடுவது முகூர்த்தக் கணக்கில்தான்; நேரம் முடிந்தால் மஞ்சள் விளக்கு எரியும், மண்டபத்துக் காற்று சேமிப்புக் கிடங்குக்குத் திரும்பிவிடும். மஞ்சள் விளக்கு எரியப் போகிறதே என்ற அவசரத்தில் பேச்சியின் கணவர் வழிப் பெரியவர் ஒருவர் குழந்தையைத் தன் மடியில் போட்டுக்கொண்டார். ஆசாரி குத்திவிட்டார். உடுப்பெல்லாம் செம்புழுதியோடு சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு சடையாண்டி உள்ளே நுழைந்தபோது குழந்தையின் காதில் கம்மல் மின்னியது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டைக் கீழே வைத்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினான். பேச்சியும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். அந்தப் பேசாமைதான் இத்தனை வருஷமாக இரண்டு ஊருக்கும் நடுவில் கிடந்தது.

“ஒரு போனப் போட்டு, ‘அண்ணே, அன்னைக்கு நடந்தது தப்பு’ன்னு சொல்லீரு. முடிஞ்சு போச்சு” என்றார் அவள் கணவர் தவசி.

“சொன்னதுக்கப்புறம் அவரு பட்டுன்னு போன வெச்சுட்டா? வெச்சது வெச்சதுதான், திருப்பி எடுக்க முடியாது. நான் ஒத்திகை பாக்காம ஒரு திருகாணியக்கூடத் திருகுனதில்லங்க. கவலைய விடுங்க, இத நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொள்ளத்தான் செய்தாள். காற்றோட்டப் பிரிவில் கழித்துப் போட்ட கணினி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தாள். முதல் வேலையாக வலைக் கம்பியைப் பிடுங்கினாள். வெளியுலகத்துக்கும் அதற்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிறகு அந்த ஒற்றைக் கணினிக்குள்ளேயே ஒரு தனி மேகத்தைக் கட்டத் தொடங்கினாள். ஒரு கணினியைப் பல கணினிகளாக நடிக்க வைக்கிற வித்தை அது. ஒரு பங்கு மண்டபம். ஒரு பங்கு சமையற்கட்டு. ஒரு பங்கில் பெண் வீட்டார், இன்னொன்றில் மாப்பிள்ளை வீட்டார். இவர்களுக்கு நடுவே போக்குவரத்துக்கு ஒரு பொய்யான பாதை. உள்ளே இருக்கும் நிழல்களுக்கு இது சமையல் மேடை என்று தெரியாது. நிஜ மண்டபத்தில் நிற்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

முதல் ஒத்திகையில் தாலி கட்டும் நேரத்தில் மொத்த மேகமும் படுத்துவிட்டது. நினைவகம் போதவில்லை. பேச்சியம்மாள் மாப்பிள்ளை வீட்டின் தூரத்துச் சொந்தங்களைப் பாதியாகக் குறைத்தாள். நிஜத்தில் எந்தப் பெண் வீட்டாராலும் செய்ய முடியாத காரியம் அது. அவளுக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

இரண்டாவது ஒத்திகை அற்புதமாக நடந்தது. ஒருவர் முகம் கோணவில்லை, ஒரு சொல் தடிக்கவில்லை. தவசியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“எல்லாஞ் சரி. சம்மந்தி எங்க?”

குனிந்து பார்த்தாள். இரண்டு வீட்டாருக்கும் நடுவே போட்ட பாதையை இணைக்க மறந்திருந்தாள். பெண் வீட்டார் தனியாக ஒரு கல்யாணமும், மாப்பிள்ளை வீட்டார் தனியாக ஒரு கல்யாணமும் நடத்தி, இரண்டு தரப்பும் மனநிறைவோடு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

இணைத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. பத்திரிகையில் பெயர் போட்ட வரிசைக்காக அண்ணனின் நிழல் வெளியேறியது. வரிசையை மாற்றினாள். மாலை எடுத்துக் கொடுக்க யாரை முதலில் கூப்பிட்டார்கள் என்பதற்காக வெளியேறியது. அதையும் மாற்றினாள். எல்லாவற்றையும் தாண்டி வந்தாலும் கடைசியில் பந்தியில் போய் நின்றது. பெண் வீட்டார் முதலில் உட்கார்ந்தால் சம்பந்தி இருளப்பனின் நிழல் மீசையைத் தடவியது. அண்ணனைத் தனியாக உட்கார வைத்தால், “எனக்கு மட்டும் என்ன தனிப் பந்தி, நான் என்ன பிச்சைக்கா வந்தேன்?” என்றது அண்ணனின் நிழல். சலிக்காமல் மாற்றி மாற்றி ஓட்டினாள். இதற்கு நடுவே ஒருநாள் தவசி அலறினார்.

“ஏ பேச்சி! மாவு பொங்கி வழியுது!”

செம்மேட்டின் குளிரில் இட்லி மாவு தானாகப் பொங்கியதாகச் சரித்திரம் இல்லை. புளிப்பு மாத்திரையைப் போட்டுக் கல்லாக ஒரு இட்லி சுட்டுத் தின்பதுதான் ஊர் வழக்கம். ஓயாமல் ஓடிய கணினியின் சூட்டில், அதன் தலைமேல் வைத்திருந்த மாவு நுரைத்துப் பாத்திரத்துக்கு வெளியே இறங்கியிருந்தது. அன்றைக்கு இட்லி பஞ்சாக வந்தது. தவசி அதற்குப் பிறகு ஒத்திகையைப் பற்றிக் குறை சொல்லவில்லை. தினம் சாயங்காலம், “இன்னும் ரெண்டு தடவ ஓட்டேன்” என்று அவரே ஊக்கம் கொடுத்தார்.

கடைசியில் வழி பிடிபட்டது. முதல் பந்தியை மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்துவிட வேண்டும். அண்ணனிடம், “நீதாண்ணே முன்ன நின்னு நடத்தணும்” என்று பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். இரண்டாம் பந்தியில் அவள் அவனோடு உட்கார வேண்டும். அப்படிச் செய்தபோதெல்லாம் அண்ணனின் நிழல் கை நனைத்தது. ஒருமுறை பாயசம்கூடக் கேட்டு வாங்கிக் குடித்தது. அதைப் பார்த்தபோது பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெற்றிலை பாக்கோடு கருங்குன்றுக்குப் பத்திரிகை வைக்கப் போனார்கள். சடையாண்டி, “வாங்க மாப்ள” என்று தவசியை வரவேற்றான். தங்கையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். பேச்செல்லாம் புயல், பாதை, விலைவாசி என்று சுற்றி வந்தது. மதினி செல்லத்தாய் தோசை வார்த்துப் போட்டாள். கண்ணு கண்ணாக, ஓரம் சிவந்து, அப்படி ஒரு தோசை.

“மதினி, இந்தக் குளிர்ல மாவு எப்படி இப்படிப் பொங்குது?”

“அதுவா, என்னமோ இப்பக் கொஞ்ச நாளாத் தானாப் பொங்குது” என்றாள் செல்லத்தாய். சமையல் மேடையில் துணி போட்டு மூடியிருந்த பொருளை அவள் உடம்பால் மறைத்துக்கொண்டது போல் இருந்தது. பேச்சியம்மாள் அதைக் கவனித்தாள். ஆனால் அவள் மனம் முழுக்கப் பந்தி வரிசையில் இருந்தது.

கல்யாண நாள் வந்தது. சடையாண்டி முதல் ஆளாக வந்து நின்றான். புதுவேட்டி, கையில் சீர்த்தட்டு, முகத்தில் ஒரு சிரிப்பு. சிரிப்பு கொஞ்சம் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. சம்பந்தி இருளப்பனும் அப்படியே சிரித்தார். மாலை எடுத்துக் கொடுக்கையில், “நீங்க குடுங்க”, “இல்ல இல்ல, நீங்க” என்று ஏகப்பட்ட விட்டுக்கொடுத்தல். தாலி ஏறியது. பேச்சியம்மாள் உள்ளுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாம் மேகத்தில் நடந்தபடியே நடந்தது. அதைவிட நன்றாகவே நடந்தது.

பந்திக்கு இலை விழுந்தது. பரிமாறும் பொறிகள் சாம்பார் வாளியோடு சுவரோரம் வரிசையாக நின்றன. முதல் ஆள் உட்காராமல் அவை அசையா.

“சம்மந்தி, உங்க ஆளுகளக் கூட்டிட்டு உக்காருங்க” என்றாள் பேச்சியம்மாள்.

இருளப்பன் இரண்டு கையையும் கூப்பினார். “அதெப்படிங்க? தாய்மாமன் உக்காராம நாங்க உக்காந்தா முறையா? மொதல்ல அவரு.”

பேச்சியம்மாள் திகைத்தாள். மேகத்தில் இந்த ஆள் இப்படிச் சொல்லவே இல்லையே. அவசரமாக அண்ணன் பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறக்கும் முன் சடையாண்டி பின்னால் ஓரடி நகர்ந்தான்.

“ஐயய்யோ, மாப்ள வீட்டுக்காரவுக இருக்கயில நான் முந்திக்கிறதா? மொத்தச் சனமும் சாப்பிடட்டும். நான் கடைசிப் பந்தி.”

“இல்லண்ணே, நீதான் முன்ன நின்னு...”

“நீங்க உக்காருங்க சம்மந்தி.”

“நீங்க உக்காருங்க முதல்ல.”

மண்டபம் முழுக்க ஒருவரை ஒருவர் இலைக்கு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை. இலையில் வைத்த அப்பளம் நமத்துக்கொண்டிருந்தது. பசித்த பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து மேலே மஞ்சள் விளக்கு எரிந்தது.

அதே மண்டபம், அதே விளக்கு. பேச்சியம்மாள் அண்ணனின் கையைப் பிடித்தாள். இந்த இடத்துக்கு அவள் எதையும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. சடையாண்டி கனிவாகப் பேசினான்.

“விடு பேச்சி. நீ அவ்வளவு தூரம் அழுது மன்னிப்புக் கேட்டப்பறம் நான் எதையும் மனசுல வெச்சுக்கல.”

“நான் எப்பண்ணே கேட்டேன்?”

பக்கத்தில் நின்ற செல்லத்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேச்சியம்மாளுக்கு அந்தத் தோசை நினைவுக்கு வந்தது. துணி போட்டு மூடிய அந்தப் பொருளும்.

“என்னைய ஒத்திகை பாத்தியா?” என்று கத்தினாள். “என் நிழல அழ வெச்சு, அதுகிட்ட மன்னிப்பு வாங்கிட்டு, அப்புறம்தான் நீ வந்தியா?”

“நீ பாக்கலயா? ஏன், உங்க வீட்டு இட்லி இப்பெல்லாம் பஞ்சா வருதுன்னு உன் வீட்டுக்காரரு சொன்னாரே, அது எப்படி?”

“எங்க வீட்லயும் பணியாரம் மெதுவாத்தான் இருக்கு” என்று உளறினார் இருளப்பன். உளறிய பிறகுதான் உறைத்தது அவருக்கு.

அதற்குப் பிறகு மண்டபத்தில் நடந்ததை எந்த மேகமும் கணித்திருக்காது. யார் யாரை ஓட்டினார்கள், யார் நிழலை யார் என்ன கேட்டார்கள் என்று நாலா பக்கமும் குரல் எழும்பியது. என்னுடைய நிழலைக் குடிகாரன் என்று நினைத்து ஒதுக்கினாயா என்றார் ஒருவர். என் நிழலை ஏன் பாதியிலேயே அழித்தாய் என்று தூரத்துச் சொந்தம் ஒன்று பேச்சியம்மாளையே பிடித்துக்கொண்டது. இனிப்பாகச் சிரித்துக்கொண்டிருந்த முகங்களெல்லாம் பழையபடி சொந்தக்காரர்களின் முகங்களாகின.

சடையாண்டி தங்கையை மட்டும் பார்த்துப் பேசினான்.

“காது குத்துக்கு நான் லேட்டாத்தான் வந்தேன். புயலு. ஆனா நீதான இந்த ஊருக்குக் காத்து விடுறவ? இடுப்புல சாவி தொங்குதுல்ல? ஒரு வால்வத் தொறந்து வுட்டுருந்தா எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்திருப்பாங்கள்ல? அண்ணனுக்காக ஒரு வால்வுகூடத் தொறக்கல நீ. அதத்தான் என்னால தாங்க முடியல.”

இந்த வார்த்தையை அவனுடைய நிழல் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பேச்சியம்மாள் ஓட்டிய அத்தனை ஒத்திகையிலும் அது பத்திரிகை, மாலை, பந்தி என்று வேறு எதையோதான் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவரோரம் போனாள். வால்வுப் பெட்டியின் மூடியைத் தூக்கி, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துச் சொருகினாள்.

“ஏ புள்ள, ஒத்திகை!” என்று தவசி பதறினார்.

அவள் திருகிவிட்டாள். செம்மேடு உண்டான நாளிலிருந்து ஒத்திகை இல்லாமல் திறந்த முதல் வால்வு அது. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. குழாய்க்குள் ஒரு முனகல் கேட்டது. பிறகு கிடங்குக் காற்று குளிர்ச்சியாக உள்ளே பாய்ந்தது. மஞ்சள் விளக்கு அணைந்தது. இலைகள் லேசாக ஆடின.

“அன்னைக்கே தொறந்திருக்கணும்” என்றாள் பேச்சியம்மாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “தப்புத்தான், அண்ணே. இப்பத் தொறந்துட்டேன். உக்காரு. நீ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இது மூடாது.”

சடையாண்டி அப்படியே முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். பொறிகள் உயிர் பெற்று நகர்ந்தன. அடுத்த நொடி ஆளாளுக்குக் கிடைத்த இலையில் உட்கார்ந்தார்கள், திட்டிக்கொண்டே. யார் முதல் பந்தி, யார் இரண்டாம் பந்தி என்று யாருக்கும் கவனமில்லை. வாயில் சோறும் வசவுமாக, செம்மேட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு நல்ல கல்யாணம் நடந்தது. சடையாண்டி பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தான். பேச்சியம்மாள் அதை இரண்டாம் முறையாகப் பார்த்தாள், ஆனால் இந்த முறை தம்ளரை வாங்கிக் கழுவியது அவள்தான்.

அன்றைக்கே எல்லோரும் சத்தியம் செய்தார்கள். இனி யாரும் யாருடைய நிழலையும் வீட்டில் ஓட்டுவதில்லை. வீட்டுக்கு வீடு தனி மேகத்தைக் கலைத்தார்கள், கணினியை அணைத்தார்கள்.

மறுநாள் காலையில் ஊர் முழுக்க இட்லி கல்லாக வந்தது.

கணினியைச் சும்மா ஓடவிட்டுப் பார்த்தார்கள். சும்மா ஓடும் கணினி சூடாவதில்லை. உள்ளே ஆட்கள் வேண்டும், அவர்கள் எதையாவது பேச வேண்டும். இதற்கிடையில் ஊர்ச் சபை பேச்சியம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தது. ஒத்திகை இல்லாமல் வால்வைத் திறந்தது பெருங்குற்றம்தான். ஆனாலும் நல்லபடியாக முடிந்துவிட்டதால், முன் தேதி போட்டு ஒத்திகையை இப்போது நடத்திவிட்டால் போதும் என்று பெருந்தன்மையாகத் தீர்ப்புச் சொன்னது. ஆகவே அவள் சட்டப்படியே கணினியைத் திரும்ப மூட்டி, நேற்று நடந்த கல்யாணத்தை, சண்டையோடு சேர்த்து, முழுசாக உள்ளே ஏற்றினாள். மாவுப் பாத்திரத்தைத் தலைமேல் வைத்தாள். கணினி கொதித்தது.

வேறு வீடுகளுக்கு எந்தச் சபையும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் மாவு என்று ஒன்று இருக்கிறதே. சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டிலும் அதே சண்டை ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததை நடந்தபடியே யாரும் ஓட்டவில்லை. நேற்று வாய்க்கு வராமல், வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு தோன்றிய பதிலைத் தங்கள் வாயில் வைத்து ஓட்டினார்கள். அவரவர் வீட்டில் அவரவரே ஜெயித்தார்கள்.

பேச்சியம்மாள் மாவை வழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன்.

“மாவு பொங்கிருச்சா பேச்சி?”

“வழியுது. அங்க?”

“இங்கயும் வழியுது.” சடையாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டான். “அப்புறம், நேத்து நீ என்னையக் கத்துனீல்ல, அதுக்கு ஒரு நல்ல பதில் இப்பத்தான் கெடச்சுச்சு. ஓட்டிப் பாத்தேன், நீ வாயடைச்சுப் போற. சொல்லவா?”

பேச்சியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லுண்ணே. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு.”